ஆடுவது நீங்கள், பார்ப்பது கம்ப்யூட்டர்!

வீட்டு ஹாலில் நடன உடற்பயிற்சி கேம்: ஒரு நேரடி அனுபவம்

கம்ப்யூட்டர் கேம் என்றதும் நம் நினைவுக்கு வருவது நாற்காலி, கீபோர்டு, மவுஸ், அதன் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பையன். "எந்நேரமும் அதன் முன்னாடியே உட்கார்ந்திருந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பதும் அதனால்தான். ஆனால் எழுந்து நின்று ஆட வேண்டிய கேம்களும் இருக்கின்றன. திரையில் ஒருவர் ஆடுவார். அவரைப் பார்த்து நாமும் ஆட வேண்டும். நாம் எப்படி ஆடுகிறோம் என்பதை ஒரு சென்சார் கவனித்து மார்க் போடும். இவற்றை மோஷன் கேம்கள், அதாவது உடல் அசைவால் இயங்கும் கேம்கள் என்று அழைக்கிறார்கள்.

நான் ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். திண்டுக்கல்லில் இருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தால் சிறுமலை. அங்கேதான் எங்கள் வீடு. வீட்டில் இருந்தபடியே வேலை என்பதால் நாளைக்குப் பத்து மணி நேரம் நாற்காலியில் போய்விடுகிறது. சென்ற ஆண்டு எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 என்று வந்தது. இந்த அளவு 100 முதல் 125 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறோம் என்று பொருள். அம்மாவோ ஆறு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். "ரெண்டு பேரும் தினமும் அரை மணி நேரம் நடங்க" என்றார் டாக்டர்.

மலையில் நடக்க இடமா இல்லை என்று கேட்பீர்கள். இடம் நிறைய இருக்கிறது. ஆனால் எனக்கு வேலை முடிவதற்குள் இருட்டிவிடும். இருட்டிய பிறகு காட்டுமாடுகள் தோட்டத்துப் பக்கம் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை என்றால் மழையும் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். எனவே வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடியதாக ஒன்றைத் தேடினேன். மூன்று விதமான நடன கேம்களை மூன்று மாதம் ஆடிப் பார்த்தோம். அதில் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கும் இது உதவும்.

எப்படித் தொடங்கியது?

நடன கேம்களைப் பிரபலமாக்கியது ஜப்பானின் கொனாமி நிறுவனம். 1998இல் அது வெளியிட்ட டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் என்ற கேம், விளையாட்டு அரங்குகளில் காசு போட்டு ஆடும் பெரிய எந்திரமாக வந்தது. தரையில் நான்கு அம்புக்குறிகள் இருக்கும். திரையில் எந்த அம்புக்குறி வருகிறதோ, தாளம் தவறாமல் அதன்மேல் காலை வைக்க வேண்டும். இது நல்ல உடற்பயிற்சி என்பதைப் பலரும் கண்டுகொண்டார்கள். 2006இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம், தன்னுடைய 765 அரசுப் பள்ளிகளிலும் இந்தக் கேமை வைக்கும் திட்டத்தை அறிவித்தது. பிள்ளைகளின் உடல் பருமனைக் குறைப்பதே நோக்கம்.

2003இல் சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக ஐடாய் என்ற சிறிய கேமராவைக் கொண்டு வந்தது. 2006 நவம்பரில் நிண்டெண்டோவின் வீ வந்தது. டிவி ரிமோட் போன்ற ஒன்றைக் கையில் பிடித்து ஆட்டினால் திரையில் மட்டை சுழலும், பந்து பறக்கும். அந்த வீ கருவிக்காக யூபிசாஃப்ட் நிறுவனம் 2009 நவம்பரில் வெளியிட்டதுதான் ஜஸ்ட் டான்ஸ். அடுத்த ஆண்டு, 2010 நவம்பரில், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கினெக்ட் வந்தது. எக்ஸ்பாக்ஸ் 360 உடன் இணைக்கும் இந்தச் சென்சாருக்குக் கையில் எதையும் பிடிக்க வேண்டாம். முதல் 60 நாட்களில் 80 லட்சம் விற்று கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம்பிடித்தது. அதனுடன் சேர்ந்து வந்த நடன கேம், ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் டான்ஸ் சென்ட்ரல்.

நம் ஆட்டம் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது?

இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, காலடிப் பாய். கீபோர்டில் இருக்கும் அம்புக்குறி கீகளைப் பெரிதாக்கித் தரையில் விரித்தது போன்றது. கால் பட்டதா, எப்போது பட்டது என்பது மட்டுமே கம்ப்யூட்டருக்குத் தெரியும். கையை என்ன செய்கிறீர்கள் என்பது தெரியாது.

இரண்டாவது, கையில் பிடிக்கும் கருவி. இதற்குள் ஆக்சிலரோமீட்டர் என்ற சிறிய சிப் இருக்கிறது. கை எந்தத் திசையில், எவ்வளவு வேகமாக வேகம் மாறுகிறது என்பதை அது அளக்கிறது. உங்கள் செல்போனைப் படுக்கவைத்துப் பிடித்தால் படமும் திரும்பிக்கொள்கிறதே, அதற்கும் இதே சிப்தான் காரணம். இந்த வழியில் கம்ப்யூட்டருக்குத் தெரிவது ஒரு கை மட்டும். மற்றக் கையும் காலும் இடுப்பும் தெரியாது.

மூன்றாவது, கேமரா. சாதாரண வெப்கேமராவுக்கு நிறமும் வெளிச்சமும் தெரியும், தூரம் தெரியாது. கினெக்ட் சென்சார் தூரத்தையும் அளக்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை ஆயிரக்கணக்கான புள்ளிகளாக அறை முழுவதும் அது தெளிக்கிறது. அந்தப் புள்ளிகள் எங்கெங்கே விலகி விழுகின்றன என்பதை இன்னொரு கேமரா பார்த்து, சுவர் எவ்வளவு தூரம், ஆள் எவ்வளவு தூரம் என்று கணக்கிடுகிறது. பிறகு சாப்ட்வேர் அந்த உருவத்தைத் தலை, தோள், முழங்கை, முழங்கால் என்று பிரித்து 20 மூட்டுகளை அடையாளம் காண்கிறது. இவ்வளவும் நொடிக்கு 30 முறை நடக்கிறது.

இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேம் போடும் மார்க்குக்கு என்ன மதிப்பு என்பதைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும்.

முதல் சோதனை: செல்போனும் கம்ப்யூட்டரும்

புதிதாக எதையும் வாங்காமல் தொடங்க விரும்புபவர்களுக்கு இது ஏற்றது. ஜஸ்ட் டான்ஸ் நவ் என்ற கேம் 2014இல் வெளிவந்தது. கம்ப்யூட்டர் திரையில் நடனம் ஓடும். செல்போன் கையில் பிடிக்கும் கருவியாக வேலை செய்யும். இரண்டிலும் இண்டர்நெட் இணைப்பு வேண்டும். பாடல்கள் எல்லாமே இலவசம் அல்ல.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. செல்போனில் அதன் அப்ளிகேஷனை நிறுவிக்கொள்ளுங்கள்.
2. கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து கேமின் தளத்துக்குச் செல்லுங்கள். திரையில் ஓர் எண் தெரியும்.
3. அந்த எண்ணைச் செல்போனில் கொடுங்கள். இரண்டும் இணைந்துவிடும்.
4. பாடலைத் தேர்ந்தெடுத்து, செல்போனை வலது கையில் இறுகப் பிடித்துக்கொண்டு ஆடத் தொடங்குங்கள்.

திரையில் ஆடுபவரை அப்படியே கண்ணாடியில் பார்ப்பது போல ஆட வேண்டும். அவர் ஒரு கையில் மட்டும் நிறமுள்ள கையுறை அணிந்திருப்பார். நீங்கள் செல்போன் பிடித்திருக்கும் கை அதுதான் என்று பொருள்.

இங்கே ஒரு சிக்கல் வரும். பாட்டு, படம், செல்போன் மூன்றும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். நிமிடத்துக்கு 120 தாளம் உள்ள பாடலில் ஒரு தாளத்துக்கு அரை நொடி. மலையில் சிக்னல் குறையும்போது செல்போனின் தகவல் தாமதமாகப் போய்ச் சேரும். அரை நொடி தாமதம் என்றால் ஒரு தாளமே போய்விட்டது. நீங்கள் சரியாக ஆடினாலும் மார்க் விழாது. பழைய படங்களில் வாயசைப்பு ஒரு பக்கமும் வசனம் ஒரு பக்கமும் ஓடுமே, அதே கதைதான். புளூடூத் ஸ்பீக்கரிலும் சத்தம் சற்றுப் பிந்தியே வரும். எனவே வயர் உள்ள ஸ்பீக்கரைப் பயன்படுத்துங்கள். டிவியை மானிட்டராக இணைத்திருந்தால் அதன் செட்டிங்ஸ் பகுதியில் கேம் மோட் இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் படம் தாமதமாவது குறையும்.

இரண்டாவது சோதனை: பழைய கினெக்ட்

கினெக்ட் தயாரிப்பை மைக்ரோசாஃப்ட் 2017இல் நிறுத்திவிட்டது. எனவே இன்று பழையது வாங்கினால்தான் உண்டு. நான் எக்ஸ்பாக்ஸ் 360, கினெக்ட், டான்ஸ் சென்ட்ரல் டிஸ்க் மூன்றையும் சேர்த்துப் பழையதாக வாங்கினேன். டிஸ்க்காக வாங்கியதற்குக் காரணம் இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் 360க்கான இண்டர்நெட் கடையை 2024 ஜூலை 29 அன்று மூடிவிட்டார்கள். இனி அதில் புதிதாகப் பாடலோ கேமோ வாங்க முடியாது. டிஸ்க் இருந்தால் எப்போதும் ஆடலாம்.

செல்போனை விட இது எவ்வளவோ மேல். கால் தவறினால் திரையில் ஆடுபவரின் கால் சிவப்பாகும். கை தவறினால் கை சிவப்பாகும். எங்கே தவறு என்று உடனே தெரிந்துவிடுகிறது. ஒவ்வோர் அசைவையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொடுக்கும் பகுதியும் இருக்கிறது. ஒர்க்அவுட் பகுதியைத் தேர்ந்தெடுத்தால் ஆடிய நேரத்தையும் கலோரியையும் கணக்கிட்டுச் சொல்லும்.

ஆனால் இதற்கு இடம் வேண்டும். ஒருவர் ஆட சென்சாரில் இருந்து சுமார் 1.8 மீட்டர், அதாவது ஆறடி தள்ளி நிற்க வேண்டும். இருவர் சேர்ந்து நிற்பதென்றால் 2.4 மீட்டர். எங்கள் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. கட்டிலை நகர்த்திய பிறகுதான் இடம் சரியாக இருந்தது.

வெயிலும் இதற்கு ஆகாது. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு இருப்பதால், வெயில் நேராக விழும் இடத்தில் சென்சாரின் புள்ளிகள் அமுங்கிப்போகும். காலையில் கிழக்குப் பக்க ஜன்னலைத் திறந்து வைத்தால் என் பாதி உடம்பு திரையில் காணாமல் போனது. ஜன்னலில் கனமான துணியை மாட்டியதும் சரியாகிவிட்டது. இரவில் விளக்கை அணைத்தாலும் அது நன்றாகவே பார்க்கும்.

அம்மாவுக்கு ஏன் மார்க் விழவில்லை?

அம்மா ஆடியபோதுதான் எனக்கு முக்கியமான விஷயம் புரிந்தது. நான் ஆடிய அதே பாடல். எனக்கு நான்கு நட்சத்திரம் வந்தது. அம்மாவுக்கு ஒன்று. மறுநாளும் ஒன்றுதான். மூன்றாம் நாள், "எனக்கு இதெல்லாம் வராது தம்பி. இந்தப் பெட்டி எனக்கு மார்க்கே போட மாட்டேங்குது. நீ ஆடு, நான் பாக்குறேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அவர் நன்றாகத்தான் ஆடினார். திரையைக் கவனித்தபோது காரணம் தெரிந்தது. அம்மா கட்டியிருந்தது புடவை. கொசுவம் இரண்டு காலையும் சேர்த்து மூடியிருப்பதால், சென்சாருக்கு இடுப்பில் இருந்து தரைவரை ஒரே உருவமாகத் தெரிகிறது. முழங்கால் எங்கே இருக்கிறது என்பதை அது ஊகிக்கத்தான் முடியும். அந்த ஊகம் தவறும்போது "கால் சரியில்லை" என்று சிவப்பு காட்டுகிறது. வேட்டி கட்டிக்கொண்டு ஆடினால் அப்பாவுக்கும் இதே கதிதான். சுடிதாரோ பேண்டோ அணிந்தால் சரியாகிவிடும். ஆனால் 54 வயதில் அம்மா அதற்கு இசையவில்லை. அதில் எனக்கும் வருத்தம் இல்லை.

பாடல் முடிந்ததும் இருவரின் நாடித்துடிப்பையும் எடுத்துப் பார்த்திருந்தேன். எனக்கு நிமிடத்துக்கு 112. அம்மாவுக்கு 114. இதை எப்படிப் படிப்பது? 220இல் இருந்து வயதைக் கழித்தால் இதயம் அதிகபட்சமாக எவ்வளவு துடிக்கலாம் என்பதற்குத் தோராயமான எண் கிடைக்கும். மிதமான உடற்பயிற்சி என்றால் அதில் 50 முதல் 70 சதவீதம் வரை துடிக்க வேண்டும். என் வயது 28. எனவே அதிகபட்சம் 192; நான் தொட்டது 58 சதவீதம். அம்மாவுக்கு அதிகபட்சம் 166. அவர் தொட்டது 69 சதவீதம். ஒரு நட்சத்திரம் வாங்கிய அம்மாதான் என்னைவிட நல்ல உடற்பயிற்சி செய்திருக்கிறார்.

நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு சோதனை

இதை உறுதி செய்துகொள்ள மீண்டும் செல்போன் கேமுக்குப் போனேன். ஒரு பாடலை முழுவதும் நின்று ஆடினேன். நான்கு நட்சத்திரம், நாடித்துடிப்பு 124. பத்து நிமிடம் ஓய்வெடுத்தேன். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, செல்போன் பிடித்த கையை மட்டும் தாளத்துக்கு ஆட்டினேன். அதற்கும் அதே நான்கு நட்சத்திரம். நாடித்துடிப்பு 84. சும்மா இருக்கும்போதே எனக்கு 74 இருக்கும்.

இதைக் கேமின் குறை என்று சொல்ல முடியாது. சென்சார் கையில் மட்டும் இருந்தால் கையை மட்டுமே பார்க்க முடியும். கேம் பார்ப்பது, நம் அசைவு திரையில் இருக்கும் அசைவோடு பொருந்துகிறதா என்பதை. இதயம் எவ்வளவு வேலை செய்தது என்பது அதற்குத் தெரியாது. மார்க் என்பது விளையாட்டுக்கு. உடம்புக்கு வேறு கணக்கு.

கலோரி எண்ணும் இப்படித்தான். ஓர் உடற்பயிற்சி எவ்வளவு கடினம் என்பதற்கு மெட் என்ற அளவு உண்டு. அதை எடையாலும் நேரத்தாலும் பெருக்கினால் கலோரி வரும். 70 கிலோ எடையுள்ளவர் 5 மெட் அளவில் அரை மணி நேரம் ஆடினால் 70 x 5 x 0.5 = 175 கலோரி. நடுத்தர அளவுள்ள ஒரு வாழைப்பழத்தில் சுமார் 100 கலோரி இருக்கிறது. ஆடி முடித்த களைப்பில் இரண்டு பழம் சாப்பிட்டால் கணக்கு தீர்ந்தது. வாழைக்குப் பேர்போன எங்கள் ஊரில் இதை நினைவில் வைப்பது கொஞ்சம் கஷ்டம்தான்!

மூன்றாவது சோதனை: வெப்கேமராவும் கும்மியும்

மார்க் வேண்டாம், ஆடிய நேரம் மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். லேப்டாப்பில் இருக்கும் வெப்கேமராவே இதற்குப் போதும். கூகுள் நிறுவனம் 2021இல் மூவ்நெட் என்ற சாப்ட்வேரை இலவசமாக வெளியிட்டது. மூக்கு, கண்கள், காதுகள், தோள்கள், முழங்கைகள், மணிக்கட்டுகள், இடுப்பு, முழங்கால்கள், கணுக்கால்கள் என உடம்பில் 17 இடங்களைச் சாதாரண கேமரா படத்திலேயே அது கண்டுபிடிக்கும். பிரவுசருக்குள்ளேயே இயங்குவதால் தனிக் கருவி எதுவும் தேவையில்லை.

இதை வைத்து ஒரு சிறிய புரோகிராம் எழுதினேன். புடவை மறைக்கும் முழங்காலை விட்டுவிட்டு, தோள், மணிக்கட்டு, இடுப்பு இவை அசைகின்றனவா என்று மட்டும் அது பார்க்கும். அசைந்தால் கடிகாரம் ஓடும். நின்றால் கடிகாரமும் நிற்கும். மார்க், நட்சத்திரம், சிவப்பு எதுவும் இல்லை. "எந்தப் பாட்டு வேணும்னாலும் போட்டுக்கங்கம்மா. உங்களுக்குத் தெரிஞ்சதை ஆடுங்க" என்றேன்.

அம்மா ஆடியது கும்மி. சின்ன வயதில் முளைப்பாரி வைக்கும்போது ஆடியதாம். முதல் நாள் 6 நிமிடம் ஓடியது. பத்தாம் நாள் 15 நிமிடம். பக்கத்து வீட்டுச் சித்தி, அத்தை என்று இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்ட பிறகு 25 நிமிடத்துக்குக் குறைவதில்லை. ஹாலில் வட்டமாகச் சுற்றி வருவதால் சில நேரம் கேமராவுக்கு முதுகுதான் தெரிகிறது. அப்போது என் கடிகாரம் தடுமாறும். அவர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

நீங்கள் புரோகிராம் எழுத வேண்டும் என்று அவசியம் இல்லை. பாடலைப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து ஆடினாலும் இதே பலன்தான். கேமரா எப்படி உடம்பை அடையாளம் காண்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டால், மூவ்நெட் டெமோ என்று இண்டர்நெட்டில் தேடிப் பாருங்கள். கேமராவைப் பயன்படுத்தலாமா என்று பிரவுசர் அனுமதி கேட்கும். நம்பகமான தளம் என்றால் மட்டும் அனுமதி கொடுங்கள். வேலை முடிந்ததும் முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் இருக்கும் அடையாளத்தைக் கிளிக் செய்து அந்த அனுமதியை நீக்கிவிடுங்கள்.

வெப்கேமராவில் முழு உடம்பும் தெரிய வேண்டுமானால் சுமார் இரண்டரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் நீங்கள் கறுப்பு உருவமாகத்தான் தெரிவீர்கள்.

மார்க்குக்குப் பதில் என்ன பார்ப்பது?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சி தேவை. நாளைக்கு அரை மணி வீதம் ஐந்து நாள் ஆடினால் 150 வந்துவிடும்.

மிதமானதா என்று தெரிந்துகொள்ள, ஆடி முடித்தவுடன் மணிக்கட்டில் விரல் வைத்து 15 நொடி நாடித்துடிப்பை எண்ணுங்கள். அதை 4ஆல் பெருக்குங்கள். இன்னும் எளிய வழி, பேச்சுச் சோதனை. ஆடும்போது பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியக்கூடாது. சில ரத்த அழுத்த மாத்திரைகள் நாடித்துடிப்பைக் குறைத்துவிடும். அவற்றைச் சாப்பிடுபவர்கள் பேச்சுச் சோதனையையே நம்புங்கள்.

எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் சாப்ட்வேரில் நான்கு நெடுவரிசை போடுங்கள்: தேதி, பெயர், ஆடிய நிமிடம், நாடித்துடிப்பு. நிமிடங்கள் மூன்றாவது நெடுவரிசையான C-இல், 2ஆம் வரிசை முதல் 8ஆம் வரிசை வரை இருந்தால், வாரக் கடைசியில் ஒரு காலி செல்லில் =SUM(C2:C8) என்று டைப் செய்து எண்டர் தட்டுங்கள். ஏழு நாள் கூட்டுத்தொகை வந்துவிடும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஸ்ப்ரெட்ஷீட் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. எங்கள் வீட்டில் இப்போது அம்மாவே தன் எண்ணை டைப் செய்கிறார்.

மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் என் சர்க்கரை 104. இரவில் சாதத்தைப் பாதியாகக் குறைத்ததும் இதில் சேரும் என்பதால், ஆட்டத்தால் மட்டுமே குறைந்தது என்று சொல்ல மாட்டேன். அம்மாவின் மாத்திரை அப்படியே தொடர்கிறது. அதைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை.

ஆடும் முன் கவனிக்க வேண்டியவை

* மேலே பாருங்கள். தாழ்வான கூரையில் மின்விசிறி இருந்தால் கையைத் தூக்கும்போது ஆபத்து. விசிறிக்கு நேர் கீழே ஆடாதீர்கள்.
* கையில் பிடிக்கும் கருவிக்கு வார் இருந்தால் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். வீ வந்த புதிதில் ரிமோட் கைநழுவிப் பறந்து டிவியைப் பதம் பார்த்ததால், 2006 டிசம்பரில் நிண்டெண்டோ நிறுவனம் சுமார் 32 லட்சம் வார்களை மாற்றித் தர முன்வந்தது.
* வழுக்கும் டைல்ஸ் தரையில் சாக்ஸுடன் ஆட வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலில் ஆடக்கூடாது. பாதத்தில் காயம் பட்டாலும் அவர்களுக்குத் தெரியாமல் போகலாம்.
* சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். உடற்பயிற்சியின்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.
* முழங்கால் வலி உள்ளவர்கள் குதிக்கும் அசைவுகளை விட்டுவிடுங்கள். மார்க் குறையும். குறையட்டும்.
* மின்சாரம் அடிக்கடி போய்வரும் இடங்களில் கம்ப்யூட்டரையும் கேம் கருவியையும் யுபிஎஸ் மூலம் இணையுங்கள்.
* பழைய கினெக்ட் வாங்கினால் அதன் பவர் அடாப்டரையும் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்பாக்ஸ் 360இன் முதல் மாடலுக்கும் கம்ப்யூட்டருக்கும் அது இல்லாமல் இணைக்க முடியாது. யுஎஸ்பி தரும் மின்சாரம் அந்தச் சென்சாருக்குப் போதாது.

எதை வாங்கலாம்?

தொடங்கும்போது எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் யோசனை. கையில் இருக்கும் செல்போன், வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர், பிடித்த பாடல்கள் போதும். ஒரு மாதம் விடாமல் ஆடினீர்கள் என்றால், வீட்டில் சிறுவர்களும் இருந்தால், பழைய கினெக்ட் பற்றி யோசிக்கலாம். காலுக்கு வேலை கொடுக்க விரும்புபவர்கள் ஸ்டெப்மேனியா என்ற இலவச சாப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் நிறுவி, யுஎஸ்பி காலடிப் பாய் ஒன்றை இணைத்து ஆடலாம்.

எதில் ஆடினாலும் ஒன்றை மட்டும் செய்யுங்கள். பாட்டு முடிந்ததும், திரையில் நட்சத்திரம் எத்தனை என்று பார்ப்பதற்கு முன்னால், மணிக்கட்டில் விரலை வைத்து 15 நொடி எண்ணுங்கள். "எனக்கு வராது" என்று ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களுக்கும் எண்ணிக் காட்டுங்கள்.